ஜெராய் மலைக் குருவிக்குக் காய்ச்சல்

அதிகாரி ஆசையாக வளர்க்கும் பிராணியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில், பிராணிக்குக் கிடைப்பது முட்டை, நமக்குக் கிடைப்பது அறை. அந்த வேலை பார்த்தவர்கள் கன்னத்தைத் தடவிக்கொண்டே படியுங்கள்.

வேலை கிடைத்த கதை

எங்கள் ரப்பர் தோட்டம் ஜெராய் மலை அடிவாரத்தில். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததும், வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பங்களாவில் ஜப்பான் அதிகாரி குடியேறினார். மலையுச்சிக் குத்துச்செடிகளில் ஒரு பொடிக் குருவி திரியும், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். அவர் ஊரிலும் அதே ஜாதிக் குருவி பாடுமாம். கண்ணி வைக்கத் தெரிந்தவன் என்று என்னைப் பிடித்தார்கள். நான் குருவியைப் பிடித்தேன். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. போனவர்கள் திரும்பியதாகக் கேள்வி இல்லை. குருவி பாடாவிட்டால் நானும் அங்கேதான் என்பதை அதிகாரி சந்தை மலாயில் சுருக்கமாகச் சொன்னார்:

"பூரோங் தா ஞாஞி, லூ பெர்கி சயாம்!"

கும்பிடு

கூண்டு பங்களா வராந்தாவில் தொங்கியது, அதன் பின்னால் மூங்கில் தட்டி. தட்டிக்குள் அதிகாரி இருக்கிறாரா என்பது ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியாது. குனியாமல் போனால் அறை. ஆகவே தோட்டமே கூண்டைப் பார்த்து இடுப்பை வளைத்தது. அவர் சுங்கைப் பட்டாணி டவுனுக்குப் போன நாள்களிலும் குருவி மரியாதையை வாங்கிக்கொண்டது. மரவள்ளி நடப் போன லெட்சுமி அக்கா முழுசாகக் குனிந்து நிமிர்ந்து என்னிடம் சொன்னாள்:

"எத்தனையோ தொரைய பாத்துட்டேன் தம்பி, கைநீட்டாத தொரை இது ஒண்ணுதான் லா!"

வைத்தியம்

குருவி பாடவில்லை. அவித்த முட்டையும் பப்பாளியும் தின்றது. நாங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு அதை வேடிக்கை பார்த்தோம். அதிகாரியின் பார்வை கூண்டிலிருந்து என் பக்கம் திரும்பியது. பங்களா சமையல்காரர் முனியாண்டி அண்ணன்தான் காப்பாற்றினார். குளிரில் வளர்ந்த குருவி, அடிவாரத்துச் சூட்டில் காய்ச்சல் கண்டுவிட்டது என்று அவரே போய்ச் சொன்னார். அதிகாரி பதறிப்போனார். அடிக்கடி கூண்டைச் சுமந்து மலைக்குப் போய்க் காற்று வாங்கி வர எனக்கு உத்தரவு. மேலே ஏறியதும் நிஜமாகவே பாடியது, கீழே இறங்கியதும் வாயை மூடிக்கொண்டது. அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை:

"கெட்டிக்காரக் குருவி தம்பி, லீவு எப்படிப் போடுறதுன்னு அதுகிட்டதான் கத்துக்கணும்!"

லாரி

ஒரு காலையில் நானும் குருவியும் கிளம்பும்போது சயாம் லாரி வந்து நின்றது. ஆள் போதவில்லை என்று பங்களா ஆளையும் விடவில்லை. முனியாண்டி அண்ணனுக்கு அன்று உடம்பு அனலாகக் கொதித்தது. காய்ச்சல் என்றார். அறைந்து ஏற்றினார்கள். அதிகாரி என்னைப் பார்த்து, வெயில் ஏறுவதற்குள் குருவியை மேலே கொண்டுபோ என்று கையசைத்தார். என் கால் மலைப்பக்கம்தான் நடந்தது. பின்னாலிருந்து அண்ணன் கத்தினார்:

"தம்பி, அந்தக் கூண்டுல எனக்கும் எடம் இருக்கான்னு பாரு லா!"

அண்ணன் திரும்பி வரவே இல்லை. அந்த ஆட்சியில் காய்ச்சல் என்று சொல்லி நம்பப்பட்டது எங்கள் தோட்டத்தில் ஒரே ஓர் உயிர்தான், அதற்குக் காய்ச்சலே இல்லை.