வெட்டாத பக்கம்

கலைவாணனுக்குச் சந்தேகம் தொழிலோடு ஒட்டிக்கொண்ட வியாதி என்று அவருடைய பஸ்ஸில் போகிறவர்கள் சொல்வார்கள். கல்பாக்கத்துப் பக்கத்து ஆட்களைக் காலையில் ஏற்றி சிறுசேரி ஐ.டி. கம்பெனி வாசலில் இறக்கி, சாயங்காலம் திரும்ப அழைத்து வரும் ஸ்டாஃப் பஸ் அது. எங்காவது 'டக்' என்று ஒரு சத்தம் வந்தால் போதும், வண்டியை ஓரங்கட்டிவிடுவார். உள்ளே இருப்பவர்கள் வாட்சைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்கள். அவர் டயரைத் தட்டி, குனிந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் அரைமனசோடுதான் ஏறுவார்.

ஆனால் வியாதியின் வேர் பஸ்ஸில் இல்லை, கட்டிலில் இருக்கிறது. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, கடல் பொங்குவதற்கு முன்னால், காலை நேரத்தில் அவர் படுத்திருந்த கட்டில் ஆடியது. கல்யாணமான புதுசு, கட்டிலும் புதுசு. எழுந்து தெருவுக்கு ஓடி, டீக்கடை வாசலில் நின்றவர்களிடம் "கட்டில் ஆடுச்சுப்பா, பூமிக்கு இன்னாவோ ஆவுது" என்றார். டீக்கடை ஸ்டான்லி கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"புது மாப்ள வூட்ல கட்டில் ஆடாம இன்னா மச்சான் பண்ணும்?"

தெருவே சிரித்தது. கொஞ்ச நேரத்தில் கடல் வந்தது. அவர்கள் குடியிருந்த காலனி மேட்டில் இருந்ததால் தண்ணீர் முதல் தெருவோடு திரும்பியது, உயிர்ச்சேதம் இல்லை. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லைதான். ஆனால், "நீ அப்பவே சொன்னியே கலை" என்று ஒரு வாய் வார்த்தைக்குக்கூட ஒருத்தரும் சொல்லவில்லை. கடல் தண்ணீர் அன்றைக்கே வடிந்துவிட்டது. அந்த ஆத்திரம் இன்றுவரை வடியவில்லை.

அந்த ஆத்திரம்தான் அவரை எழுத்தாளர் ஆக்கியது. சிறுசேரியில் பஸ் நிற்கும் பகல் பொழுதெல்லாம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து நிலநடுக்கத்தைப் பற்றிப் படித்தார், கேட்டார், எழுதினார், அடித்தார், திரும்ப எழுதினார். கடைசியில் செங்கல்பட்டில் ஒரு சின்ன அச்சகத்தில் கொடுத்து, 'நம்ம ஊரு ஆடுமா?' என்று ஒரு புத்தகம் போட்டார்.

அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. முதல் பிரதியை முகர்ந்து பார்த்தார். பஸ்ஸில் சாமி படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்து, கியர் மாற்றும் சாக்கில் பின்னட்டையிலிருந்த தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார். புத்தகத்தில் போட்டுக் கொடுக்கவென்று கையெழுத்துக்குப் புதிதாக ஒரு சுழி பழகினார். அதைப் பார்த்த அவர் மனைவி ரூத், "எதுக்கு இந்த வாலு?" என்று கேட்டாள். பொறாமையோ என்று அவருக்கு அதிலும் ஒரு சந்தேகம்.

காலனியில் வீட்டுக்கு ஒன்று, பஸ்ஸில் ஆளுக்கொன்று என்று கொடுத்து முடித்த பிறகுதான் கோளாறு கண்ணில் பட்டது. நடுவில் இரண்டு தாள்களின் ஓரம் வெட்டுப்படாமல் மடிப்போடு ஒட்டியிருந்தது. புரட்டினால் நாற்பத்தொன்றாம் பக்கத்திலிருந்து நேராக நாற்பத்து நாலுக்குத் தாவும். எல்லாப் பிரதியிலும் அப்படித்தான். அச்சகக்காரர் வாசுதேவனிடம் போய்க் கத்தினார்.

"இன்னா சார் பெரிய பேஜாரு? பிளேடால ஒரு இழு இழுத்தா வந்துடும்" என்றார் அவர்.

அந்த இரண்டு பக்கம்தான் புத்தகத்தின் உயிர். அணுமின் நிலையத்துக்குப் பக்கத்து ஊர் என்பதால் கதிர்வீச்சு கசிந்தால் என்ன செய்வது என்று இங்கே அவ்வப்போது ஒத்திகை நடக்கும். சைரன் ஊதினால் வீட்டுக்குள் போ, கதவு ஜன்னலைச் சாத்து, ஈரத்துணியால் மூக்கை மூடு. சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். கலைவாணன் எழுதியிருந்தது இதுதான்: அது வேறு, இது வேறு. பூமி ஆடினால் வெளியே இருக்கிறவர் உள்ளே ஓடக்கூடாது, உள்ளே இருக்கிறவர் வெளியே ஓடக்கூடாது. உள்ளே இருந்தால் பலமான மேசைக்கடியில் புகுந்து, தலையைக் குனிந்து, ஒரு கையால் பிடரியை மூடி, மறு கையால் மேசைக்காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கோபம் ஆறியதும் அவருக்குள் ஒரு குறுக்குப் புத்தி முளைத்தது. படித்தவர்கள் ஓரத்தைக் கிழித்திருப்பார்கள். கிழிக்காதவர்கள் படிக்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க இதைவிட நல்ல வழி ஏது?

முதலில் மாட்டியவர் லக்ஷ்மிநாராயணன். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர். "ஒரே மூச்சுல முடிச்சிட்டேன் கலை, பிரமாதம்" என்று போன வாரம் கையைப் பிடித்துக் குலுக்கியவர். அவர் பையிலிருந்த பிரதியை, "ஒரு எழுத்துப்பிழை பாக்கணும் சார்" என்று வாங்கிப் புரட்டினார். ஓரம் அப்படியே இருந்தது. அடுத்து ஸ்டான்லி. "சூப்பரா எழுதிக்கீற மச்சான், கண்ணுல தண்ணி வந்துடுச்சு" என்றான். பிஸ்கட் பாட்டிலுக்கு அடியில் கிடந்த புத்தகத்திலும் கத்தி படவில்லை. எதிர்வீட்டுச் சந்திரம்மா மட்டும் உண்மை பேசினாள். "எனக்கு எங்க நைனா படிக்கத் தெரியும்? சாமி படத்தாண்ட வெச்சிக்கீறன்" என்றாள். அதில் சூடத்துப் புகை ஏறியிருந்தது, அவ்வளவுதான்.

கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க அவர் முகம் சுண்டியது. யார் பாராட்டினாலும் 'நீ கிழிச்சியா?' என்றுதான் மனசு கேட்டது. போஸ்ட்மேனைக்கூட விடவில்லை.

ஊர் கிடக்கட்டும், ரூத் என்ன செய்தாள்? இந்தக் கேள்வியைத்தான் அவர் ஒத்திப் போட்டுக்கொண்டே வந்தார். ரூத் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறாள். முன்னறையை அடைத்துக்கொண்டு கட்டிங் மேசை, அதன்மேல் எந்நேரமும் கத்திரிக்கோல். "படிச்சேன், நல்லா கீது" என்று என்றோ சொல்லியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் ஜாக்கெட் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளறை அலமாரியிலிருந்து அவள் பிரதியை எடுத்தார். புரட்டினார்.

ஓரம் வெட்டவில்லை.

கத்திரிக்கோலும் கையுமாகவே வாழ்கிறவள். ஊரார் துணியையெல்லாம் வெட்டத் தெரிந்தவளுக்கு, கட்டின புருஷன் புத்தகத்தில் ஒரு தாளை வெட்ட மனசு வரவில்லையா? மற்றவர்கள் பொய் சொன்னபோது கோபம்தான் வந்தது, இது வலித்தது. கேட்டே விடுவது என்று புத்தகத்தோடு முன்னறைக்கு வந்தார்.

வாயைத் திறப்பதற்குள் தரை உறுமியது. மேலே தொங்கிய ஃபேன் ஊஞ்சலாட, பாத்திர ஸ்டாண்டிலிருந்து தட்டுகள் சரிந்து கொட்டின. கலைவாணன் என்ன செய்தார் என்று அவரே பிறகு யோசித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. கண்ணைத் திறந்தபோது நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தார். கையில் புத்தகம்.

தெருவில் அவரைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. அதுவரை வெளியே உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்த அத்தனை பேரும் அவரவர் வீட்டுக்குள் பாய்ந்து, டமார் டமாரென்று ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். சந்திரம்மா மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு கதவிடுக்கில் கண்ணை வைத்து, "உள்ள போ நைனா! சைரன் ரிப்பேரு போலகீது, உள்ள போ!" என்று கத்தினாள். ஊரில் ஒருத்தரும் படிக்கவில்லை என்பதற்கு இனி வேறு சாட்சி வேண்டாம். படிக்காதவர்கள் உள்ளே ஓடினார்கள் சரி, எழுதினவன் ஏன் வெளியே ஓடினேன் என்று நினைத்தபோதுதான் ரூத் ஞாபகம் வந்தது.

அடித்துப் பிடித்து வீட்டுக்கு ஓடினார். ஆட்டம் நின்றிருந்தது. முன்னறையில் அவளைக் காணோம்.

"ரூத்து!"

"இங்க கீறன்யா."

கட்டிங் மேசைக்கடியில் இருந்தாள். தலையைக் குனிந்து, ஒரு கையால் பிடரியை மூடி, மறு கையால் மேசைக்காலைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். அவர் எழுதிய அதே மாதிரி, ஒரு எழுத்து பிசகாமல்.

கலைவாணன் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தார். "இது உனக்கு எப்டித் தெரியும்?"

"நீதான எழுதிக்கீற. எழுதிட்டு நீயே ஓடற?"

"அந்தப் பக்கத்த நீ வெட்டவே இல்லியே!"

"ஒரு தபா வெட்டிட்டா வெட்டினதுதான்யா. மார்க் போடாம நான் துணியவே வெட்ட மாட்டேன், உன் புக்கப் போயி வெட்டுவனா? நீ ஏதோ ஆசையா மூடி வெச்சிக்கீறன்னு நெனச்சேன். தலகாணி உறைக்குள்ள பாக்கறாப்ல மேலாக்க புளந்து புளந்து எட்டிப் பாத்துகினே படிச்சேன். கழுத்து புடிச்சிகிச்சு."

அந்தப் பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு அவரும் மேசைக்கடியில் புகுந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளியே அதற்குள் வாய்ச்சண்டை ஆரம்பித்திருந்தது. ஸ்டான்லியின் குரல் எல்லாருக்கும் மேலே கேட்டது: "கல்குவாரில வெடி வெச்சிருப்பான்பா!"

"பாத்தியா? ஒருத்தனும் நம்ப மாட்டான். அன்னிக்கும் இப்டித்தான்" என்றார் கலைவாணன். கண்ணில் நீர் முட்டியது.

"அன்னிக்கு நான் நம்பினேன்."

"நீயா?"

"பின்ன? அந்தக் கட்டில்ல நானும்தான படுத்துகினு இருந்தேன்? எனக்கும்தான் ஆடுச்சு." ரூத் மேசைக்காலை இன்னும் விடவில்லை. "கண்ணாலமாகி மூணு மாசம். அத்தினி ஆம்பளைங்க சிரிக்கறப்போ, கட்டில் ஆடினது நெசம்னு நான் தெருவுல வந்து சொல்ல முடியுமா?"

"அப்புறமாச்சும் என்னாண்ட சொல்லிருக்கலாமே?"

"நீ எங்க கேட்ட? ஊரெல்லாம் போயி நம்பறியா நம்பறியான்னு கேட்ட. என்னிய ஒரு தபா கேட்டியா?"

வெளியே சண்டை இன்னும் நடந்துகொண்டிருந்தது. கலைவாணன் மேசையை விட்டு வெளியே வரவில்லை.