வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு

அரியலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பல வருடம் விலங்கியல் நடத்தியவன் நான். குரோமோசோம் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். மாணவர்களும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார்கள்.

இரண்டாயிரத்து நான்கில் என் மனைவிக்கு ரத்தப் புற்றுநோய், மெதுவாக வளரும் வகை, என்று திருச்சி டாக்டர் சொன்னார். பயத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி பாடம் நடத்துவது. பெரம்பலூர் திரும்பும் பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டேன். ஒன்பதாவது குரோமோசோமும் இருபத்திரண்டாவதும் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டன. ஒட்டிய இடத்தில் இரண்டு மரபணுக்கள் ஒன்றாகிவிட்டன. அதிலிருந்து வரும் புரதம் ஓயாமல் கட்டளை போடுகிறது. அதைக் கேட்டு, தூங்க வேண்டிய மரபணுக்கள் விழிக்கின்றன, விழித்திருக்க வேண்டியவை அடங்கிப்போகின்றன. சாக வேண்டிய ரத்த அணு சாகாமல் பெருகுகிறது.

அவள் வாலிகண்டபுரத்தில் வயல் வேலை பார்த்து வளர்ந்தவள். சன்னலுக்கு வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"மோட்டாரு நிக்காம ஓடுது. மூட வேண்டிய மடை தொறந்து கெடக்கு, தொறக்க வேண்டியது மூடிக் கெடக்கு. அவ்வளவுதானங்க? இதுக்கா பாடாலூர்லேருந்து பேசிட்டு வர்றீங்க?"

"அவ்வளவுதான்."

"அப்ப பீஸ் கட்டையப் புடுங்கணும்."

"தினம் ஒரு மாத்திரை. அதுதான் புடுங்குறது. ஆனா மோட்டார் அங்கயேதான் இருக்கும். வெறும் வயித்துல மட்டும் போட்டுடாத. வயிறு நெறையச் சாப்ட்டுட்டுப் போடு."

ரத்த அணுக்களின் எண்ணிக்கை சீக்கிரமே சரியானது. எனக்கு என் பாடத்தின் மேல் மரியாதை கூடியது. ஆனால் ஒரு வருடம் கழித்து, அந்த ஒட்டு மரபணுவின் நகல்கள் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்தபோது, இறங்கிக்கொண்டிருந்தது மறுபடி ஏறியிருந்தது.

"மாத்திரை விடாமப் போடறாங்களா?" என்றார் டாக்டர்.

"ஒரு நாள் தவறலைங்க சார்" என்றேன், நானே விழுங்கியதைப் போல.

அப்படியென்றால் மாத்திரைக்குக் கட்டுப்படாதபடி அந்த மரபணுவே மாறியிருக்கலாம் என்றார். எங்களுக்கு எட்டுகிற வேறு மருந்து அப்போது இல்லை. திரும்பும் பஸ்ஸில் நான் பாடம் நடத்தவில்லை.

மறுநாள் காலை அடுத்த மாதத்து மாத்திரை வாங்கக் கிளம்பினேன்.

"இப்ப எதுக்குங்க? நெறைய இருக்கே" என்றாள்.

"எப்படி இருக்கும்?"

"திங்கக்கெழம, வெள்ளிக்கெழம, பிரதோஷம், கிருத்திகையெல்லாம் விரதம்ல. வயிறு நெறையச் சாப்ட்டுட்டுத்தான போடச் சொன்னீங்க?"

அவள் விரதம் இருப்பது எனக்குத் தெரியும். திருமழபாடி ஈஸ்வரனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். மாத்திரை போடுவதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் இத்தனை வருடம் படித்தது போதவில்லை.

"விரதம் எதுக்கு இருக்க?"

"இந்த நோவு போறதுக்குத்தான்."

கோபப்படக்கூடத் தெம்பில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன். விரதத்தை விடு என்றேன். சாமியிடம் கொடுத்த வாக்கு, மாட்டேன் என்றாள். கடைசியில், அந்த வாக்கை நான் ஏற்றுக்கொள்கிறேன், உனக்குப் பதிலாக நான் விரதம் இருக்கிறேன் என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களாலயா?"

ஆனாலும் சம்மதித்தாள். வீட்டுக்காரர் இருந்தால் சாமி ஏற்றுக்கொள்ளுமாம்.

அந்த முதல் திங்கட்கிழமை மூன்றாவது பீரியடிலேயே கரும்பலகை ஆடியது. இடைவேளையில் எதிர்க்கடை ஒரு ரூபாய் போனில் வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

"சாப்ட்டியா?"

"நாலு இட்லி. மாத்திரையும் போட்டாச்சு. நீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"டீ?"

போனில் இன்னொரு ரூபாயைப் போட்டேன்.

"ஏங்க, முடியலன்னா சொல்லிடுங்க. நானே இருந்துக்கறேன்."

"இல்ல இல்ல" என்றேன் அவசரமாக. கையிலிருந்த கிளாஸைக் கடைக்காரரிடம் அப்படியே நீட்டினேன். பாதிக்கு மேல் மிச்சமிருந்தது.