நாலு இருமல் பாக்கி

முதல் தனிக் கச்சேரியில் கண்ணாடி என்கிற பாடகி பியானோவின் மேல் கைகளை வைத்தபடி வாசிக்காமலேயே உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் காதல் தோல்வி என்பதுதான் ஊர்ப்பேச்சு. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு. முடிவெட்டும் கடையில் இரண்டு நிமிடம் என்றார்கள். அது பஸ் நிறுத்தத்துக்கு வருவதற்குள் பத்து நிமிடமாகி, பல் மருத்துவரின் வரவேற்பறையில் அரை மணி நேரமாக வளர்ந்துவிட்டது. காதலன் யார் என்று கேட்டால், அரங்கத்துக்கு வந்து பியானோவுக்குச் சுருதி சேர்த்துவிட்டுப் போகிறவர் என்று பதில் வந்தது.

அவரிடமே விசாரித்ததில், "நான் என்னத்தச் சொல்ல, அவங்க மனசுல என்ன இருந்துச்சோ" என்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அவர் அவளிடம் அதுவரை பேசியிருந்த ஒரே வாக்கியம், "அது மேல காபி கப்ப வைக்காதீங்க" என்பது. வதந்திக்குப் பிறகு அவரைச் சுருதி சேர்க்கக் கூப்பிடுகிற வீடுகள் கூடிவிட்டன. நல்லது, அவர் பிழைத்துப் போகட்டும். உண்மை இருந்த இடம் வேறு. அது ஒரு டிரைவிங் ஸ்கூல் காரின் முன் இருக்கையில் இருந்தது.

கண்ணாடி என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலையில் இருந்ததால் இசைக்குழுவில் வைத்த பெயர். அவள் கண்ணாடி போடுவதில்லை. வருகிறவர்களின் தாடையை எந்திரத்தில் வைக்கச் சொல்லி, ஒரு வில்லையை மாட்டி "இதுல தெளிவா இருக்கா?" என்றும், டக்கென்று அடுத்ததை மாற்றி "இல்ல இதுலயா?" என்றும் காலையிலிருந்து மாலை வரை கேட்பாள். ஊரே அவளிடம் வந்து எது தெளிவு என்று முடிவு செய்துவிட்டுப் போனது. அவளுக்கு மட்டும் எதையும் ஆரம்பித்து வைக்க அத்தான் வேண்டும்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. அந்தக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் ஓட்டும் வண்டிக்குத் தான் பிரேக் போட்டே பழகியவர், மாலையில் அதே வலது காலோடு வந்து டிரம்ஸில் உட்காருவார். ஒத்திகை நடந்தது டிரைவிங் ஸ்கூலின் வகுப்பறையில். சுவர் முழுக்கச் சாலைக் குறிகள். டிரம்ஸுக்கு நேர் பின்னால் ஹாரன் படத்தைக் குறுக்காக அடித்த பலகை. கிதார்காரரும் பேஸ் கிதார்காரரும் அதைக் காட்டி ஒரு நாள் தவறாமல் ஒரே ஜோக்கை அடிப்பார்கள். அத்தானும் ஒரு நாள் தவறாமல் சிரிக்க மாட்டார்.

பாட்டு எழுதுவது கண்ணாடி, மெட்டுப் போடுவது கண்ணாடி, பாடுவதும் பியானோ வாசிப்பதும் கண்ணாடி. ஆனால் எந்தப் பாட்டும் அத்தான் இரண்டு குச்சிகளைத் தூக்கி நாலு தட்டுத் தட்டி, "ம், எடு" என்று சொல்லாமல் கிளம்பாது. இது காரில் வந்த பழக்கம். அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்; அங்கேயும் அவர் "ம், எடு" என்றால்தான் வண்டி நகரும். ஓட்டுநர் உரிமத் தேர்வில் முதல் தடவை அவள் தோற்றதும் இதனால்தான். தேர்வு எடுக்க வந்த அதிகாரி பெல்ட்டைப் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். இவளும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். இன்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர், "வண்டி ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். அப்போதே யாராவது உஷாராகியிருக்கலாம். வீட்டில் சிரித்ததோடு விட்டுவிட்டார்கள்.

சண்டை வந்தது ஒரு புதுப் பாட்டினால். கடை வேலையிலிருந்தே பிறந்த பாட்டு. 'இதுல தெரியுதா, இல்ல அதுல தெரியுதா, எதுல பாத்தாலும் நீ மங்கலாத்தான் தெரியுற' என்று தொடங்கும். தலைதெறிக்க ஓட வேண்டிய பாட்டு அது. அத்தான் நாலு தட்டுத் தட்டினார். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு கொட்டாவியே விடலாம்.

"அத்தான், இது ஓடுற பாட்டு. நீங்க கையப் புடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போறீங்க."

"பள்ளிக்கூடம் இருக்கிற ரோடும்மா. மெதுவாத்தான் போகணும்."

"விளையாடாதீங்க. இது என் பாட்டு."

"பாட்டு உன்னுது. வேகம் யாருது?"

"அதுவும் என்னுது. நானே எழுதுறேன், நானே வாசிக்கிறேன், நானே பாடுறேன். நீங்க உங்க பக்கம் இருக்கிற பிரேக்க மட்டும் மிதிக்கிறீங்க."

கிதார்காரரும் பேஸ்காரரும் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பதுபோலச் சுவரிலிருந்த சாலைக் குறிகளைப் படிக்க ஆரம்பித்தார்கள். அத்தான் குச்சிகளை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"அப்ப நீயே தனியா ஓட்டிக்கோ."

இப்படித்தான் அந்த ஊரின் புகழ்பெற்ற தனிப் பாடகி உருவானாள். கலை வேட்கை, உள்ளத் தேடல் என்று பின்னால் பேட்டிகளில் வந்ததெல்லாம் பேட்டி எடுத்தவர்கள் கையிலிருந்து போட்டது.

முதல் கச்சேரி, ஊரிலேயே மேடையில் நிரந்தரமாகப் பியானோ இருந்த சின்ன அரங்கத்தில். அவள் வந்தாள், குனிந்து வணங்கினாள், உட்கார்ந்தாள், கட்டைகளின் மேல் விரல்களை வைத்தாள். வைத்துவிட்டுக் காத்திருந்தாள். என்ன அத்தான் இன்னும் தட்டவில்லை என்றுதான் உண்மையிலேயே நினைத்தாள். லேசாக எரிச்சல்கூட வந்தது. திரும்பிப் பார்த்தால், பின்னால் கறுப்புத் திரை. அத்தானும் இல்லை, டிரம்ஸும் இல்லை. நாமே ஆரம்பிக்க வேண்டியதுதான் என்று மூளை சொன்னது. விரல்கள் மூளையைக் கேட்டுப் பழகியதே இல்லை.

ஒரு குண்டூசி விழுந்தால் அதையும் கைதட்டி வரவேற்கிற நிலையில் இருந்தது அரங்கம். அப்போது இருட்டுக்குள்ளிருந்து யாரோ இருமினார்கள். ஒன்று. சீராக இடைவெளி விட்டு இரண்டு, மூன்று, நாலு. நாலாவது இருமல் முடிந்த கணத்தில் விரல்கள் தாமாகக் கிளம்பிவிட்டன. பாட்டு கொஞ்சம் மெதுவாகத்தான் போனது. யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் இன்னும் அந்த மௌனத்திலிருந்தே வெளியே வரவில்லை.

மறுநாள் பத்திரிகையில் இசை விமர்சகர், காலத்தைக் கழுத்தைப் பிடித்து நிறுத்தியவர் என்று எழுதினார். பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அரங்கத்துக்காரர் கண்ணாடிக் கடைக்கே தேடி வந்துவிட்டார்.

"அடுத்த மாசமும் நீங்கதாம்மா. அந்த மௌனத்த மட்டும் கொஞ்சம் நீட்டிருங்க. பாட்டு ரெண்டு குறைஞ்சாலும் பரவால்ல."

மௌனத்தின் பேரரசி என்று சுவரொட்டியும் அடித்து ஒட்டிவிட்டார். ஒலிபெருக்கி வாடகை குறையும் என்ற நம்பிக்கையோ என்னவோ.

இருமியது யார் என்ற விஷயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே வந்தது. சண்டைக்குப் பிறகும் ஞாயிறு மதியச் சாப்பாடு அக்கா வீட்டில்தான். அத்தான் மட்டும் அவளிடம் நேராகப் பேசுவதை நிறுத்தியிருந்தார். "உப்பு வேணுமான்னு அவங்கள கேளு" என்பார், அவள் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது. அக்கா முதலில் தபால்காரர் வேலை பார்த்தாள். பிறகு சலித்துப்போய் உப்பு டப்பாவை நடுவில் வைத்துவிட்டாள். அன்று சாப்பிட்டு முடித்து அவர் தூங்கப் போனதும், துணி மடித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு இருமினது யாருன்னு நெனச்ச?"

"யாரோ சளி புடிச்சவரு."

"சளியும் இல்ல, ஒண்ணும் இல்ல. கச்சேரிக்கு வரமாட்டேன்னு என்கிட்ட சத்தியம் பண்ணிட்டு எனக்குப் பின்னாடியே வந்து மூணாவது வரிசையில உக்காந்திருந்தாரு. நீ முழிச்சிக்கிட்டு உக்காந்ததும் இவரு தரையப் போட்டு மிதிக்கிறாரு. அப்புறம்தான்டி இருமல்."

கண்ணாடிக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்.

"அப்போ அன்னிக்கும் ஓட்டினது அவருதானா?"

"தள்ளி விட்டாருன்னு வெச்சுக்கோயேன்."

"அடுத்த தடவ முதல் சத்தத்த நானே எடுக்கணும்கா. முடியலன்னா தனியா பாடுறதயே விட்டுடறேன். ஊர ஏமாத்திக்கிட்டு எத்தன நாளைக்கு?"

"நீயே மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணிக்கயேன்."

"எண்ணிப் பாத்துட்டேன். நான் எண்ணினா எனக்கே நம்பிக்கை வரல."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"அவர வர வேண்டாம்னு சொல்லு."

"டிக்கெட் எடுத்துட்டாரு. இந்தத் தடவ முதல் வரிசை."

அந்த மாதம் முழுக்க அவள் வீட்டில் தனியாகக் கிளம்பிப் பழகினாள். துணி துவைக்கும் எந்திரம் சுற்றுகிற சத்தத்துக்குக் கிளம்பினாள். ஜன்னலுக்கு வெளியே நின்ற லாரியின் விளக்கு மினுக்மினுக்கென்று அடித்ததற்குக் கிளம்பினாள். ஒரு தடவை மேல்வீட்டுக்காரர் ஆணி அடித்ததற்குக் கிளம்பி, பாட்டு முழுதும் பாடி முடித்தாள். சத்தம் எதுவும் இல்லாத நேரத்தில் மட்டும் கைகள் கட்டைமேல் கிடந்தன, இரவல் வாங்கி வந்த கைகள் மாதிரி.

கச்சேரிக்கு இரண்டு நாள் இருக்கும்போது கடையில் ஒரு பெரியவர் தாடையை எந்திரத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இவள் யோசனையில் நின்றுவிட்டாள். அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, தாடையை எடுக்காமலே கேட்டார்.

"ஆரம்பிக்கலாமாம்மா? நீ சொன்னாத்தானே நான் படிக்க முடியும்?"

"ம், படிங்க" என்றாள். டக்கென்று வில்லையை மாற்றினாள். அடுத்தவர் வந்தார். "ம், படிங்க." அதற்கடுத்தவர். சாயங்காலம் கடையைப் பூட்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த நாற்காலிக்கு முன்னால் தினமும் முதல் ஆளாகக் கிளம்புவது அவள்தான். இங்கே யாரும் அவளுக்குத் தட்டிக் கொடுத்ததில்லை. எல்லாரும் அவளுக்காகத்தான் தாடையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இரண்டாம் கச்சேரிக்கு அரங்கம் நிரம்பி வழிந்தது. எல்லாரும் மௌனத்தைக் கேட்க வந்தவர்கள். சிலர் கண்ணை மூடித் தயாராகிவிட்டார்கள். முதல் வரிசையில் அக்கா, பக்கத்தில் அத்தான். அத்தானின் வலது முஷ்டி ஏற்கெனவே வாய்க்கு அருகில் இருந்தது. கண்ணாடி வந்து உட்கார்ந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். வரிசை வரிசையாகத் தாடைகள். அத்தான் மூச்சை இழுப்பதும் தெரிந்தது.

"ம், படிங்க" என்று முணுமுணுத்தாள். விரல்கள் பாய்ந்துவிட்டன.

அத்தானின் முதல் இருமல் பாட்டு தொடங்கிய பிறகு, இரண்டு தட்டுக்கு நடுவில், நடுத்தெருவில் நின்றுபோன வண்டி மாதிரி தனியாக வந்து விழுந்தது. அவர் வாழ்க்கையில் தாளம் தப்பியது அதுதான் முதல் தடவை. இரண்டாவது இருமலை விழுங்கப் பார்த்தார். அது புரையேறி நிஜ இருமலாகிவிட்டது. அக்கா முதுகில் தட்டினாள். பின் வரிசையிலிருந்து தண்ணீர் பாட்டில் கை மாறி வந்தது. மேடையில் பாட்டு அவரைத் திரும்பிப் பார்க்காமல் பறந்துகொண்டிருந்தது.

பறந்தது கொஞ்சம் அதிகம்தான். மூன்றாவது பாட்டில் சொற்கள் பின்தங்கிப்போய், ஒரு சரணம் முழுக்க அவள் வாயில் வந்ததைப் பாடினாள். அதற்குத்தான் பலத்த கைதட்டல்.

முடிந்ததும் அரங்கத்துக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். "மௌனம் எங்கம்மா? நாலு பேரு கேட்டுட்டாங்க. சுவரொட்டியெல்லாம் அடிச்சிருக்கேன்."

"தொண்டை சரியில்ல சார்" என்றாள். மௌனத்துக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்வாசல் வழியாக வெளியே வந்துவிட்டாள். அங்கே சுவரில் சாய்ந்தபடி அத்தான் நின்றிருந்தார். கண் இன்னும் சிவந்திருந்தது. பக்கத்தில் அக்கா இல்லை. ஆகவே நேராகத்தான் பேச வேண்டியிருந்தது.

"வேகம் ஜாஸ்தி."

"தெரியும்."

"மூணாவது பாட்டுல வண்டி ரோட்ட விட்டே இறங்கிடுச்சு."

"இறங்கி ஏறிட்டேன்ல அத்தான்."

"ம்" என்றார். எடு என்று சொல்லவில்லை. சாய்ந்திருந்த சுவரை விட்டு நகர்ந்து, "அன்னிக்கு நாலு இருமல் இருமினேன். அது கடன்தான், ஞாபகம் வெச்சுக்கோ."

"நான் கேக்கலையே."

"கேக்காமக் குடுத்தாலும் கடன் கடன்தான்."

"சரி, எப்படி அடைக்கணும்?"

அத்தான் பதில் சொல்லச் சிரமப்பட்டார். இருமியதுகூட அவருக்கு இவ்வளவு சிரமமாக இருக்கவில்லை. "ஒரு பாட்டுக்கு நீ நாலு எண்ணு. நான் வாசிக்கிறேன். இத்தன வருஷத்துல இன்னொருத்தர் எண்ணி நான் கிளம்பினதே இல்ல. அது எப்படி இருக்குன்னு பாக்கணும்."

"பழைய மாதிரி சேர்ந்து வாசிக்கவா?"

"ஒரே ஒரு பாட்டு. அதுக்கப்புறம் நீ உன் ரோட்டுல போ."

நாளைக்கே வாங்க என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கு அந்த 'ம், படிங்க' இன்னும் சூடு ஆறாமல் கையில் இருந்தது. அதைப் பங்கு போட மனசில்லை.

"யோசிக்கிறேன் அத்தான்."

அதற்குப் பிறகு எத்தனையோ மேடை ஏறிவிட்டாள். எதிலும் காத்திருப்பதில்லை, ஆகவே பத்திரிகையில் அவளைப் பற்றி முன்போல எழுதுவதுமில்லை. ஊரும் சும்மா இருக்கவில்லை. அவள் இப்போது வேகமாக வாசிப்பதற்குக் காரணம் புதுக் காதல் என்கிறது. சுருதி சேர்க்கிறவர் அதையும் மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு தொடர்கிறது. அத்தான் இப்போது உப்பை நேராகவே கேட்கிறார். கேட்டுவிட்டு, அக்கா அடுப்படிக்குப் போகிற நேரம் பார்த்து, மேஜைமேல் நாலு விரலை நிமிர்த்திக் காட்டுகிறார்.

கடனைக் கேட்பது புரியாதவள்போல அவள் நாலு ஸ்பூனை எடுத்து அவர் முன்னால் வரிசையாக வைக்கிறாள்.