விளக்கு வைத்த வீட்டில் ஒரு படம்

இவாஞ்சலின் கல்யாண வீடுகளில் லைட்டு பிடிப்பவள். கோவில்பட்டியில் சாமுவேல்ராஜ் அண்ணாச்சியின் ஸ்டுடியோவில் அவளுக்கு அந்த ஒரு வேலைதான். கேமராவைக் கேட்டால், "பாப்போம், பாப்போம்" என்பார். அந்தப் 'பாப்போம்' பக்கத்தில் நிற்பவர்களுக்கே எரிச்சலூட்டும். அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஒருநாள் இறங்கி வந்தார். எட்டயபுரம் பக்கத்தில் மறுநாள் கல்யாணம். தன்னைச் சுற்றி ஒளி வளையம் தெரிகிற மாதிரி ஒரு படம் வேண்டுமென்று கல்யாணப்பெண் பிரேமலதா கேட்டிருந்தாள்.

"அத நீ எடு. சரியா வந்தா நாளைக்குக் கேமரா ஒன் கையில. வரலைன்னா இனிமே கேக்கப்பிடாது."

இருட்டியதும் பெண் வீட்டு முற்றத்தில் கேமரா ஸ்டாண்டைப் போட்டாள். ஷட்டர் அரை நிமிடம் திறந்திருக்கும். அதற்குள், படத்தில் தான் தெரியாமலிருக்கப் போட்ட கறுப்புச் சுடிதாரில் ஓடிப்போய், பெண்ணுக்குப் பின்னால் நின்று டார்ச்சைச் சுழற்ற வேண்டும். அது போகிற தடம் படத்தில் வளையமாக விழும். கேமராவில் வைக்க வேண்டிய நம்பர்களை யூடியூப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தாள். பல்புகளை அணைத்துவிட்டு எடுத்தாள். படத்தில் பிரேமலதாவின் பாதி முகத்தைக் காணோம், ஒரே வெள்ளை. அவளுக்குப் பக்கத்திலேயே, வாசல்படியில் அகல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா, அந்த வெளக்கயும் கொஞ்சம் அணைச்சிருங்க."

சர்ச் தெருவில் வளர்ந்தவள். விளக்கு வைத்த நேரத்தில் கல்யாண வீட்டில் இப்படிக் கேட்கக்கூடாது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

பெண்ணின் அம்மா வேலுத்தாய் கொதித்துவிட்டாள். "நாளைக்குத் தாலி ஏறுத வீட்டுல வெளக்க அணைக்கச் சொல்லுதியே, நல்லாருக்கா, ஏட்டி? படமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!"

அண்ணாச்சி கையை நீட்டினார். "கேமராவக் குடு."

"ஒரே ஒரு தடவ அண்ணாச்சி. வெளக்கு எரியட்டும்."

அவர் நீட்டிய கையை இறக்கினார். யாரோ வெட்டவெளியில் வைத்து எடுத்த படத்தின் நம்பர்கள் இங்கே எதற்கு ஆகும்? விளக்கு நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஷட்டர் திறந்திருக்கும் வரை அதன் வெளிச்சம் சேர்ந்துகொண்டேதான் போகும். வெளிச்சம் வருகிற வழியைக் குறுக்க வேண்டியதுதான். லென்ஸின் துளையை, அதாவது அப்பெர்ச்சரை, நன்றாகச் சுருக்கினாள். டார்ச்சும் மங்குமே? மங்கட்டும், மெதுவாகச் சுழற்றினால் போகிறது.

"அசையாதீங்க அக்கா."

ஓடினாள். டார்ச்சைப் பொறுமையாகக் கொண்டுபோனாள். வேலுத்தாய் முணுமுணுப்பது கேட்டது. வளையம் முடிவதற்கும் ஷட்டர் மூடுவதற்கும் சரியாக இருந்தது.

கேமராத் திரையில் சுடர் சிறிதாக நின்றது. அந்த வெளிச்சத்திலேயே பிரேமலதாவின் முகம் முழுதாகத் தெரிந்தது. சுற்றிலும் வளையம். எட்டிப் பார்த்த வேலுத்தாய், "எம் புள்ளையா இது?" என்றாள்.

அண்ணாச்சி படத்தைப் பார்த்தார். சுவரோரம் கிடந்த லைட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"அடுத்த படத்துக்கு இத எங்கன பிடிக்கணும்?"