லண்டனில் எந்தப் பக்கம் நிற்பது

லண்டனில் எனக்கு நடந்தவை வருமாறு:

1. ஹீத்ரோவில் இறங்கி, சுரங்க ரயிலில் ஏறி, மாற வேண்டிய நிலையத்தில் சரியாக இறங்கி, எதிர்த்திசையில் போகும் ரயிலில் ஏறினேன். ஜன்னலுக்கு வெளியே மாடுகளைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் வந்தது.

2. எஸ்கலேட்டரில் இடப்பக்கம் நின்றேன். அங்கே நிற்கிறவர்களுக்கு வலப்பக்கம். இடப்பக்கம் அவசரமாக ஏறிப் போகிறவர்களுக்கு. பின்னாலிருந்து ஒவ்வொருவராக "எக்ஸ்கியூஸ் மீ" என்றார்கள். நான் ஒவ்வொருவருக்கும் திரும்பிக் காலை வணக்கம் சொன்னேன்.

3. ரயிலைவிட்டு இறங்கியதும் பயணச்சீட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். வெளியேறும் வாசலில் அதைக் கேட்டார்கள்.

4. அரண்மனைக் காவலர் மாறுவதைப் பார்க்கப் போனேன். குளிர்காலத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் மாறுவார்களாம். நான் போனது விட்ட நாள்.

5. மிச்ச நேரமெல்லாம் சித்தப்பா மகளின் கல்யாணத்தில் போயிற்று. மண்டபத்துக்கு ஜன்னல் இல்லை.

6. நியூசிலாந்தில் நான் வாழும் ஒக்லாந்துக்குத் திரும்பி வந்தேன். லண்டன் எப்படி என்று கேட்டவர்களிடம், ஒழுங்காகத் திட்டமிட்டால் பிரச்சினை இல்லை என்று சொன்னேன்.

ஆறாவதுதான் என்னை நிபுணராக்கியது. அப்போது ஒக்லாந்தில் எங்கள் தமிழ் ஆட்கள் மிகக் குறைவு. ஒரு பிறந்தநாள் விருந்தில் சொன்னது அடுத்த பிறந்தநாள் விருந்துக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும். லண்டனுக்குப் போகிறவர்கள் என்னிடம் வரத் தொடங்கினார்கள். நானும் ஆலோசனை சொல்லத் தொடங்கினேன். கட்டடப் பொறியியல் அலுவலகம் ஒன்றில் வரைபடம் வரைகிற வேலை எனக்கு. ஒரு சுவர் எங்கே நிற்க வேண்டும் என்று முழு நம்பிக்கையோடு கோடு போட்டுப் பழகிய கை. அந்தச் சுவரை நான் நேரில் பார்த்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

ஒக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில் பகுதியில் நான் வாடகைக்கு இருந்த அறை, யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரின் வீட்டில் இருந்தது. உறவில்லை, ஆனாலும் அவர் அக்கா, அவருடைய கணவர் அத்தான். ஒரு நாள் அக்காவின் தம்பி லண்டனிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். அவர்களுடைய அம்மாவுக்கு லண்டன் விசா கிடைத்துவிட்டது. சில மாதங்கள் மகனோடு இருந்துவிட்டு யாழ்ப்பாணம் திரும்பிவிடுவார். அங்கே போர்க்காலம், நிலைமை எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். அக்கா அம்மாவைப் பார்த்து ஏழு வருடம். நியூசிலாந்துக்கு அம்மாவை அழைக்க முயன்று அதற்குள் இரண்டு முறை சரிவரவில்லை. இப்போது லண்டனுக்குப் போனால் பார்க்கலாம். போகாவிட்டால், அடுத்தது எப்போது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அத்தான் கடன் வாங்கி ஒரு டிக்கெட் எடுத்தார். ஒன்றுதான் எடுக்க முடிந்தது. தம்பி பெட்ரோல் நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தார். வார நாளில் விமான நிலையத்துக்கு வர விடுப்புக் கிடையாது. டாக்ஸி கட்டுப்படியாகாது. ஆகவே அக்கா தனியாகச் சுரங்க ரயிலில் தம்பி வீடுவரை போக வேண்டும்.

"உனக்குத்தானே லண்டன் தெரியும்," என்றார் அக்கா. "எனக்கு ஒருக்கா எழுதித் தாவன்."

எழுதித் தந்தேன். அலுவலகத்தில் ஒப்பந்தக்காரர்களுக்கு எழுதும் முறையில், பிரிவு, உட்பிரிவு, எண் எல்லாம் போட்டு எழுதினேன். ரயில் மாறும் நிலையத்தை மேலிருந்து கீழாக வெட்டினால் உள்ளே எப்படித் தெரியும் என்று ஒரு வெட்டுத்தோற்றமும் வரைந்தேன். வாசலில் நின்று வரைபடத்தை விரித்துப் பார்க்க வேண்டாம். பயணச்சீட்டை எறிய வேண்டாம். திசைப் பலகையைப் படிக்காமல் ரயிலில் ஏற வேண்டாம். எஸ்கலேட்டரில் இடப்பக்கம் நிற்க வேண்டாம். தெரியாதவர்களோடு பேச வேண்டாம். பெட்டியை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

அத்தான் மேசையருகே உட்கார்ந்து முழுவதையும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, எல்லா வரியும் வேண்டாம், வேண்டாம் எண்டுதான் முடியுது. கடைசியிலை போக வேண்டாம் எண்டும் ஒரு வரி போட்டால் சரி."

அந்த வரியை நான் எழுதத் தேவையிருக்கவில்லை. அக்கா ஏற்கெனவே அதை வாசித்துவிட்டார். மறுநாள் காலை தேநீர் போட்டுக்கொண்டே, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று அத்தானிடம் கேட்டார்.

காரணம் எஸ்கலேட்டர். நியூசிலாந்துக்கு வரும்போது சிங்கப்பூர் விமான நிலையத்தில் அக்காவின் சேலைக்கரை எஸ்கலேட்டரில் மாட்டிவிட்டது. யாரோ சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்தி, சேலையைக் கிழித்து எடுத்தார்களாம். அதற்குப் பிறகு அவர் எஸ்கலேட்டரில் கால் வைத்ததில்லை. ஒக்லாந்தில் அப்படி வாழ்வது கடினமுமில்லை. ஆனால் நான் வரைந்த வெட்டுத்தோற்றத்தில் மூன்று எஸ்கலேட்டர்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் அளவு பிசகாமல், அதன் முழு நீளத்துக்கும் வரைந்திருந்தேன்.

காற்சட்டை போட்டுக்கொண்டு போகலாமே என்றேன்.

"ஏழு வருசத்துக்குப் பிறகு அம்மாவுக்கு முன்னாலை காற்சட்டையோடை போய் நிக்கிறதோ?" என்றார் அக்கா. அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

நான் கெடுத்ததை நானே சரி செய்கிறேன் என்று அத்தானிடம் சொன்னேன். சனிக்கிழமை காலை அக்காவைப் பஸ்ஸில் குயின் வீதிக்கு அழைத்துப் போனேன். அங்கே பெரிய துணிக்கடை ஒன்றில் எஸ்கலேட்டர் இருந்தது. எதற்குப் பயப்படுகிறோம் என்று விளங்கினால் பயம் போய்விடும் என்பது என் கொள்கை. எனவே எஸ்கலேட்டரின் உள்ளமைப்பை ஒரு தாளில் வரைந்து கொண்டுபோயிருந்தேன்.

எஸ்கலேட்டரின் அடியில், ஆட்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றோம். படிகள் சங்கிலியில் சுற்றி வருவதையும், மேலே போய்த் தட்டையாகி, சீப்புப் போன்ற ஒரு தகட்டுக்கு அடியில் நுழைவதையும் விளக்கினேன்.

"அப்ப பல்லு இருக்கு," என்றார் அக்கா.

"பல் எண்டு சொல்லேலாது அக்கா. சீப்பு மாதிரி."

"பல்லில்லாத சீப்பை எங்கை கண்டனீ?"

அந்தத் தகடு இருப்பதே துணி மாட்டாமல் இருக்கத்தான் என்றேன். அப்படியானால் துணி மாட்டும் என்று செய்தவர்களுக்கே தெரியும் என்றார். அந்தத் தர்க்கத்தில் எனக்குப் பிழை எதுவும் தெரியவில்லை. படிக்கும் பக்கச்சுவருக்கும் உள்ள இடைவெளியைப் பற்றிச் சொன்னேன். அக்கா சேலைக்கரையை ஒரு சாண் உயர்த்திப் பிடித்தார். வேகத்தைப் பற்றிச் சொன்னேன். இன்னும் ஒரு சாண் உயர்ந்தது. கடைப்பெண் வந்து ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம், சும்மா பார்க்கிறோம் என்றேன்.

நான் தாளின் மறுபக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அக்கா என் பக்கத்தில் இல்லை. வெள்ளைக்கார மூதாட்டி ஒருவர் கைப்பையோடு எஸ்கலேட்டரை நோக்கி வந்துகொண்டிருந்தார். அக்கா அவர் முன்னால் போய் நின்று, தனக்குப் பயமாக இருக்கிறது, கையைப் பிடித்துக்கொள்ள முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நானாக இருந்தால் அப்படிக் கேட்பதற்குள் படி வழியாக ஏழு மாடி ஏறியிருப்பேன். மூதாட்டி யோசிக்கவேயில்லை. இடுப்பில் அறுவைச் சிகிச்சை செய்த பிறகு தனக்கும் இது பிடிப்பதில்லை என்று சொல்லிக் கையை நீட்டினார். இருவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒன்றாகக் கால் வைத்தார்கள். மேலே போனார்கள். நான் படத்தோடு கீழே நின்றேன்.

நான் மேலே போய்ச் சேர்ந்தபோது மூதாட்டிக்கு அக்காவின் அம்மா கதை வரைக்கும் தெரிந்திருந்தது. கட்டாயம் போக வேண்டும் என்று அக்காவின் கையைத் தட்டிச் சொல்லிவிட்டு, படுக்கை விரிப்புகள் இருந்த பக்கம் போனார்.

இனி இறங்க வேண்டும். இறங்குவது ஏறுவதைவிட மோசம். முழுப் பள்ளமும் கண்ணுக்கு முன்னால் தெரியும். அதை நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் வரவில்லை. நான் இருக்கிறேனே என்றேன்.

"நீ கணக்குச் சொல்லுவாய்," என்றார். பிறகு, "சரி, கையைத் தா. ஒண்டும் கதையாதை."

கையைக் கொடுத்தேன். கீழே வந்து சேரும்வரை வாயைத் திறக்கவில்லை. என் தொழில்நுட்ப உதவிகளில் அக்காவுக்குப் பயன்பட்டது அது ஒன்றுதான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நான் எழுதிய குறிப்பில் இரண்டு வரிகளைக் கோடு போட்டு அடித்தேன்: தெரியாதவர்களோடு பேச வேண்டாம், பெட்டியை யாரிடமும் கொடுக்க வேண்டாம். மற்றவற்றை விட்டுவைத்தேன். பயணச்சீட்டு விஷயத்தில் எனக்கு இன்னும் உறுதி உண்டு. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சு பிறகு எழவில்லை.

அக்கா போய்ச் சேர வேண்டிய நாள், அத்தானும் நானும் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே சாப்பிட்டோம். நான் சமைத்த பருப்பை அத்தான் குறை சொல்லாமல் சாப்பிட்டார். அவ்வளவு கவலை அவருக்கு. அழைப்பு வந்தது. அத்தான் இரண்டு தரம் "ஓம்" என்றார். பிறகு தொலைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனார்.

"வந்திட்டன். அம்மா பக்கத்திலை நிக்கிறா," என்றது அக்காவின் குரல். "மூண்டு படிக்கும் மூண்டு பேர் கை தந்தினம். ஒரு பெடியனுக்குத் தலைமயிர் பச்சை, சேவற்கொண்டை மாதிரி நிக்குது. பெட்டியையும் அவன்தான் தூக்கினவன். தங்கமான பிள்ளை."

எந்தப் பக்கம் நின்றீர்கள் என்று கேட்டேன். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. கை பிடித்திருந்ததால் இருவரும் முழுப் படியையும் அடைத்துக்கொண்டு நின்றார்களாம். பின்னால் நின்றவர்கள் பொறுமையாக வந்தார்களாம்.

பிறகு இன்னொரு குரல் வந்தது, மெல்லியதாக.

"லண்டன் தெரிஞ்ச பிள்ளை நீதானோ?"

"ஓம் அம்மா," என்றேன்.

அக்கா ஐந்து வாரம் அங்கே இருந்தார். அவர் திரும்பி வந்த சில நாட்களில் அம்மாவும் விசா முடிந்து யாழ்ப்பாணம் போய்விட்டார். கடிதங்கள் வருகின்றன, சில சமயம் இரண்டு மூன்று சேர்ந்து. டிக்கெட்டுக்கு வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை. அம்மாவை இங்கே அழைக்க மூன்றாவது முறையாக விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். பதில் வரவில்லை.