வெள்ளியோடு ஒரு போட்டி

நேற்று அந்தியில் என் மகள் போனை மேற்கு வானத்துக்கு நேரே நீட்டி, “மினுங்காம நிக்குதுல்லாப்பா, அது வெள்ளிக் கிரகம்,” என்றாள். எனக்கு அந்த ஞானம் வர இரண்டு மூங்கில் செலவானது.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் ஊர் கொட்டாரத்தில் யார் வீட்டுக் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் உயரமோ, அவர்களுக்குச் சபையில் பரிசு. காகித நட்சத்திரத்துக்குள் பல்பைப் போட்டுக் கம்பில் கட்டி ஓட்டுக்கு மேலே ஏற்றினேன். பார்த்தால், தென்னைகளுக்கும் மேலே மேற்குத் தெருக்காரன் எவனோ ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறான்! மறுநாள் ஒரு மூங்கிலைச் சேர்த்துக் கட்டினேன். அதற்கு மறுநாள் இன்னொன்று. அப்போதும் அவன்தான் மேலே.

“ஏலே, அது வெள்ளிலே,” என்று அக்கா சிரித்தாள். “நட்சத்திரம்னா மினுங்கும். கிரகம் மினுங்காது.”

“பல்பும்தான் மினுங்காது. நீ போக்கா.”

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஊர் நட்சத்திரங்கள் எல்லாம் அணைந்தன. தென்னைக்கு மேலே அது மட்டும் அசையாமல் எரிந்தது.

“அவன் வீட்டுல மட்டும் கரண்டு இருக்கோ மக்கா?” என்றாள் அக்கா.

மூன்று நாளாக ஒரு கிரகத்தோடு மல்லுக்கு நின்ற கதையை அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். சொல்லட்டும். அந்த வீம்பில் என் மூங்கில் ஊரின் அத்தனை கூரைகளையும் தாண்டிப் போயிருந்தது. பரிசு எனக்குத்தான். சபை முழுக்கக் கைதட்ட, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் வாங்கினேன். என்னைத் தோற்கடிக்கப் பூமியில் ஆள் கிடைக்கவில்லை. வேறு கிரகமே வரவேண்டியிருந்தது.