நெரோவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்

நேற்று மொண்டெல்லோ கடற்கரையில் ஒரு நாய் என்னை, உட்கார்ந்திருந்த வாங்கின் மேலேயே ஏற்றிவிட்டது. இந்த வயதில் எனக்கு அவ்வளவு தாவ வரும் என்பது எனக்கே அதிசயம். நாயின் சொந்தக்காரி கைப்பேசியிலிருந்து முகத்தை எடுக்காமலே, "அது ஒன்றும் செய்யாது" என்றாள். சொந்தக்காரர்களைக் கேட்டால் உலகத்தில் எந்த நாயும் ஒன்றும் செய்யாது. உங்களுக்குத் தெரியாததா!

கடலில் நனைந்த அந்த நாயின் வாடை எனக்குப் பழக்கமானது. பலேர்மோவுக்கு வந்த புதிதில் நான் வேலை செய்த வீட்டுச் சமையலறை முழுக்க அதே வாடைதான். வீட்டுக்காரி ஓய்வுபெற்ற ஆசிரியை. நான் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன். நெரோ என்ற கறுத்த நாய்க்குட்டியை வளர்க்கும் பொறுப்பு என்னுடையது. எனக்கு அப்போது இத்தாலியன் தெரியாது. நெரோவுக்கும் தெரியாது. ஆகவே இருவரும் தமிழிலேயே கதைத்துக்கொண்டோம். பிறகு சிஞ்ஞோரா இருவருக்கும் இத்தாலியன் சொல்லிக்கொடுத்தார். நான் ஒருவாறு தேறினேன்.

கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்த பிறகு, ஒருநாள் மாடிப்படியில் நெரோ மேல்வீட்டு வக்கீலின் காற்சட்டையைக் கவ்வியது. கொஞ்சம் சதையும் சேர்ந்து வந்தது. சங்கிலி என் கையில். "சங்கிலி பிடித்தவன்தான் பொறுப்பு" என்று வக்கீல் காவலரை அழைத்துவிட்டார். இந்த நாட்டில் இருக்க விடுகிற என் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம் அது. என் பெயரில் வழக்கு விழுந்தால் அதோகதிதான். பயத்தில் சோறு இறங்கவில்லை. ஒரேத்தோ தெருவில் என்னோடு ஒரே அறையில் இருந்த சூசை அண்ணன் புத்தி சொன்னார்.

"நாய் அவையின்ரை. உனக்கும் அதுக்கும் ஒரு தொடுசலும் இல்லையெண்டு நில். அங்கை வாயை மட்டும் திறந்திடாதை."

"ஓமண்ணை" என்றேன்.

மறுநாள் காவலர் விசாரிக்க சிஞ்ஞோரா வீட்டுக்கு வந்தார். வக்கீல் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு இருந்தார். நான் மூலையில், யாரோ எவரோ போல. காவலரின் சப்பாத்து நெரோவுக்குப் பிடிக்கவில்லை. உறுமிக்கொண்டு பாய்ந்தது. வகுப்பறைகளை அடக்கிய குரலில் சிஞ்ஞோரா, "நில்! உட்கார்!" என்று இத்தாலியனில் கத்தினார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். மடு மாதாவே, காவலரின் காலும் போனால்?

"டேய், இரடா!"

நெரோ உடனே குந்தி இருந்தது. என்னைப் பார்த்து வாலையும் ஆட்டியது.

வக்கீலுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். "யாருடைய நாய் என்று நாயே சொல்லிவிட்டதே!" காவலர் பேனாவோடு என் பக்கம் திரும்பினார்.

சிஞ்ஞோரா கதிரையை விட்டெழுந்து எனக்கும் காவலருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"கேட்பது அவன் சொல்லை. கடித்தது என் நாய். என் பெயரை எழுதுங்கள்."

பிறகு வக்கீலுக்குப் புதுக் காற்சட்டையும் நெரோவுக்கு ஒரு வாய்க்கூடும் வாங்கினார். எனக்கு, இனி நாயோடு இத்தாலியனில்தான் பேச வேண்டும் என்று உத்தரவு. மாடிப்படி இறங்கும்வரை நாங்கள் அதைக் கடைப்பிடித்தோம்.

நெரோ செத்துப்போய்விட்டது. அதன் பின்னால் சிஞ்ஞோராவும் போய்விட்டார். அந்த வீட்டில் இப்போது உல்லாசப் பயணிகள் தங்குகிறார்கள்.

நேற்று வாங்கின் மேல் நின்றபடி, பழக்கதோஷத்தில், "இரடா!" என்று கத்தினேன். நாய் இருக்கவில்லை. என் ஒற்றைச் செருப்பைக் கவ்விக்கொண்டு நின்றது. "அது ஒன்றும் செய்யாது" என்றாள் அவள் மறுபடியும். சிஞ்ஞோராவை நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது. "கடித்தது என் நாய்" என்று சொல்ல இந்த ஊரில் அவர் ஒருவர்தான் இருந்தார்.